அந்தக் கட்டுரையில் விட்டுப்போன ஓர் அளவு

காலை ஆறே முக்கால் இருக்கும். அடுப்பில் பால் வைத்திருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"ஏனுங்க, புத்தகத்துல மெசினோட நிக்கறது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"நானு காங்கேயத்துல மர வேலை பண்றனுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். அந்தப் பைப்பு என்ன சைசுங்க?"

நான் வீட்டில் கட்டிய மெஷினைப் பற்றி ஒரு பத்திரிகை கட்டுரை போட்டிருந்தது. முந்தின நாள்தான் அந்த இதழ் கடைக்கு வந்திருந்தது. அதற்குள் நான் அந்தக் கட்டுரையை ஏழெட்டு முறை படித்திருந்தேன். அம்மா தெருவில் எல்லாருக்கும் காட்டிவிட்டு வந்திருந்தார். மகள் பள்ளிக்கூடப் பையில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டாள். ஆனால் அவர் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு இதழை எடுத்து மறுபடி பார்த்தேன். இரண்டு பக்கம், ஐந்து படம். பைப்பின் அளவு எங்கேயும் இல்லை.

"ஒரு இஞ்ச் எஸ்.எஸ். பைப்புங்க. வெளி விட்டம் 25.4 மில்லிமீட்டர்."

"இருங்க, எழுதிக்கறேன்." எதிர்முனையில் பலகை எதையோ நகர்த்தும் சத்தம். கொஞ்ச நேரம் அமைதி. "இருவத்தஞ்சு புள்ளி நாலு. சரிங்க, ரொம்பச் சந்தோசமுங்க." வைத்துவிட்டார்.

அது என்ன மெஷின் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

கணினி சொல்கிறபடி வெட்டும் கருவியை இம்மி பிசகாமல் நகர்த்துவது சிஎன்சி. கோவைக்காரர்களுக்கு இது புதிதில்லை. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் தெருவுக்குத் தெரு பட்டறை இருக்கிறது, அவற்றில் பலவற்றில் சிஎன்சி ஓடுகிறது. நான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியிலும் ஓடுகிறது. அதற்கு வரைபடம் போடுவதுதான் என் வேலை. ஆனால் அவை வார்ப்பிரும்பு உடம்போடு டன் கணக்கில் எடையுள்ளவை, லட்சக்கணக்கில் விலை போகிறவை. என் வீட்டு ஷெட்டில் நிற்பது வேறு ரகம். 'மோஸ்ட்லி பிரின்டட் சிஎன்சி' என்று பெயர். பெரும்பாலும் அச்சிட்ட சிஎன்சி என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்காவில் வி1 இன்ஜினியரிங் என்ற சிறிய நிறுவனம் வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும் என்று கோப்புகளை வெளியிட்டது. நான் கட்டியது அதன் பிரைமோ பதிப்பு.

பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காக அச்சிடும் வீட்டு 3டி பிரின்டரால் நேரான, விறைப்பான நீளத் தண்டு எதையும் செய்ய முடியாது. ஆனால் கோணல்மாணலான இணைப்புகளை அழகாகச் செய்துவிடும். நேரான தண்டு கடையில் பைப்பாகக் கிடைக்கிறது. அதனால் மூலைகள், கால்கள், பேரிங் பிடிக்கும் வண்டிகள் எல்லாம் பிளாஸ்டிக்; நீளமெல்லாம் இரும்புக் குழாய். நான்கு பக்கமும் குழாயால் ஒரு சட்டம். அதற்குள் இரண்டு குழாய்கள் கூட்டல் குறி மாதிரி குறுக்கும் நெடுக்கும் போகின்றன. இரண்டும் சந்திக்கிற இடத்தில் 'கோர்' என்கிற நடுப்பாகம். அதில் மரத்தை வெட்டும் ரூட்டர் தொங்குகிறது. ஸ்கேட்டிங் சக்கரத்துக்குள் இருக்குமே, 608 என்று எண் போட்ட சின்ன பேரிங், 8 மில்லிமீட்டர் உள் விட்டம், 22 மில்லிமீட்டர் வெளி விட்டம். அதுதான் குழாயின் மேல் நேரடியாக உருள்கிறது. தனியாகத் தண்டவாளம் கிடையாது, குழாயே தண்டவாளம். பக்கவாட்டு அச்சுக்கு இரண்டு மோட்டார், முன்பின் அச்சுக்கு இரண்டு, மேல்கீழ் அச்சுக்கு ஒன்று என ஐந்து ஸ்டெப்பர் மோட்டார்.

இதில் பைப்பின் வெளி விட்டம் ஏன் உயிர் என்றால், பேரிங்குகள் எவ்வளவு இடைவெளியில் நிற்க வேண்டும் என்பது அச்சிட்ட பிளாஸ்டிக்கிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஒன்றரை மில்லிமீட்டர் மாறினாலும் குழாய் உள்ளே போகாது, அல்லது கடகடவென்று ஆடும். அதனால்தான் மூன்று அளவுக்கு மூன்று கோப்புத் தொகுதிகள் கொடுத்திருக்கிறார்கள். 23.5 மில்லிமீட்டருக்கு 'சி', 25க்கு 'எஃப்', 25.4க்கு 'ஜே'. அமெரிக்காவில் வீட்டு வயரிங்குக்கு ஓட்டும் முக்கால் இஞ்ச் கான்டூயிட் குழாயின் வெளி விட்டம்தான் அந்த 23.5. பெயரில்தான் முக்கால் இஞ்ச். அளந்தால் முக்கால் இஞ்ச் வராது. நம் ஊரில் ஒருவர் அதை நம்பிக் கடைக்குப் போய் "முக்கால் இஞ்ச் ஜி.ஐ. பைப் கொடுங்க" என்று கேட்டால் 26 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட பைப்பைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். தண்ணீர்க் குழாய்க்கு உள்ளே ஓடும் வழியை வைத்துப் பெயர், கேட்டுக்கும் கைப்பிடிக்கும் போகிற எஸ்.எஸ். பைப்புக்கு வெளி விட்டத்தை வைத்துப் பெயர். ஒரே கடை, ஒரே தட்டு, இரண்டு கணக்கு. காங்கேயத்துக்காரர் கேட்டது அவ்வளவு சரியான கேள்வி.

எனக்கு அந்த அளவு எப்படித் தெரிந்தது? கையில் விட்டம் அளக்கும் வெர்னியரோடு மூன்று கடை ஏறி இறங்கினேன். இருபது அடி நீளக் குழாய்களை அடுக்கி வைத்திருப்பார்கள். மூன்றாவது கடைக்காரர்தான் நான் ஒவ்வொரு குழாயையும் இரண்டு முனையிலும் நடுவிலும் அளப்பதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பல குழாய்கள் 25.2, 25.3 என்று வந்தன. கோடாக நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு முனையிலிருந்து பார்த்து, வளைவில்லாத இரண்டைத் தேர்ந்தெடுத்தேன். அவற்றைத் துண்டு போட்டுக் கொடுத்தது ஆவாரம்பாளையத்தில் லேத் வைத்திருக்கும் மாஸ்டர். அறுபது வயதைத் தாண்டியவர். கட்டிங் வீலில் வெட்டினால் முனை சாய்ந்துவிடும் என்று லேத்தில் மாட்டி, முனையைச் சீவி, உள்ளே பிசிறு எடுத்துக் கொடுத்தார். "அம்மிணி, பைப்பு நேரா இருந்தா மெசினு நேரா இருக்கும். பிளாஸ்டிக்க நம்பாத" என்றார். கூலியாக அவர் கேட்டது மிகக் குறைவு. அந்த நாலு துண்டும் ஒரே நீளம். தரையில் செங்குத்தாக நிறுத்தி மேலே கையை வைத்துத் தடவினால் ஒரு படி கூடத் தட்டுப்படவில்லை.

அச்சிடும் வேலை இரண்டு மாதம் போனது. ஆபீஸ் போகும்போது பிரின்டரைப் போட்டுவிட்டுப் போவேன், வந்து எடுப்பேன். பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கிலேயே அச்சிடச் சொல்கிறார்கள். ஏ.பி.எஸ். என்ற இன்னொரு வகை சூடு தாங்கும், ஆனால் இங்கே வேண்டியது விறைப்பு. விறைப்பில் பி.எல்.ஏ.தான் மேல். கோர் மட்டும் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஓடியது. முதல் முறை இருபத்திரண்டாவது மணி நேரத்தில் நின்றுபோனது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாள் அது, நான் காலண்டரைப் பார்க்கவில்லை. பாதியில் நின்ற அந்தத் துண்டை எறியாமல் மேசை மேல் வைத்திருக்கிறேன். குறுக்குவெட்டில் உள்ளே தேன்கூடு போல அறைகள் தெரிகின்றன. வருகிறவர்களுக்கு மெஷினை விளக்க அதுதான் மிகவும் உதவுகிறது.

கடைசியில் சட்டத்தைச் சதுரமாக்கும் வேலை. ஒரு மூலையில் டேப்பின் நுனியை மகள் பிடித்துக்கொள்ள, எதிர் மூலையில் நான் படித்தேன். ஒரு மூலைவிட்டம் இன்னொன்றைவிட 3 மில்லிமீட்டர் அதிகம். ஒரு காலைக் கொஞ்சம் தட்டினேன். 2. இன்னொரு தட்டு. 1. அப்புறம் எதிர்ப்பக்கம் போய்விட்டது. இரவு பதினொன்றரை மணிக்கு இரண்டு எண்ணும் ஒன்றானபோது மகள் தரையில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள், டேப்பை மட்டும் விடவில்லை. மறுநாள் ரூட்டருக்குப் பதில் பேனாவைக் கட்டி ஒரு சதுரமும் அதற்குள் ஒரு வட்டமும் வரைய வைத்தேன். வட்டம் வட்டமாக வந்தது. செலவு எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் ஆகியிருந்தது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இதே விஷயங்களை, இதே வரிசையில், அந்தப் பத்திரிகையிலிருந்து வந்த தம்பியிடமும் சொன்னேன்.

அவர் வந்தது ஒரு சனிக்கிழமை. இருபத்தைந்து வயது இருக்கும், அக்கறையான பையன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார், நோட்டில் எழுதிக்கொண்டார். வி1 இன்ஜினியரிங் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டார். லேத் மாஸ்டரைப் பற்றிச் சொன்னபோது "அவரையும் ஒரு படம் எடுக்கலாமாக்கா?" என்று கேட்டார். எனக்கு மனம் நிறைந்துபோயிற்று.

மதியத்துக்கு மேல் போட்டோகிராபர் வந்தார். அவருக்கு ஒயர்கள் பிடிக்கவில்லை. படம் கசகசவென்று வரும் என்றார். மோட்டார் ஒயர், ரூட்டர் ஒயர், தூசு உறிஞ்சும் குழாய், எல்லாவற்றையும் கழற்றினோம். மரத்தூளைத் துடைத்தோம். ரூட்டரில் வெட்டும் பிட் மாட்டியிருந்தால் வெளிச்சம் பட்டுக் கண்ணைக் குத்துகிறது என்று அதையும் எடுக்கச் சொன்னார். என் கையில் ஒரு பெரிய ஸ்பேனரைக் கொடுத்தார். இந்த மெஷினில் அந்த அளவு நட்டே கிடையாது. இருந்தாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். என் கூச்சம் என்னைச் சொல்லவிடவில்லை.

ஐந்து வாரம் கழித்துக் கட்டுரை வந்தது. தலைப்பு, 'கோவைப் பெண்ணின் கண்டுபிடிப்பு'. முதல் பத்தியிலேயே 'முழுக்க முழுக்க 3டி பிரின்டரில் அச்சிடப்பட்ட இயந்திரம்' என்று இருந்தது. 'சில ஆயிரம் ரூபாயில்' என்றும் இருந்தது. வி1 இல்லை. லேத் மாஸ்டர் இல்லை. நான் எழுதிக்கொடுத்த அளவுப் பட்டியல் இல்லை. அந்தத் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். நான்கு பக்கமாக எழுதிக் கொடுத்தாராம். விளம்பரம் வந்ததால் இரண்டு பக்கமாயிற்றாம். குறைக்கும்போது முதலில் போனது அளவுப் பெட்டி, அடுத்தது வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர், அப்புறம் மாஸ்டர். "என் கையில இல்லக்கா" என்றார். குரல் உடைந்திருந்தது. அவர் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை.

ஆனால் வருத்தம் பெரிது. ஒருவர் வருஷக்கணக்கில் உழைத்துச் செய்த வடிவமைப்பை, எல்லாருக்கும் பயன்படட்டும் என்று திறந்து வைத்திருக்கிறார். பதிலுக்கு முதலில் கேட்பது பெயரைச் சொல்லுங்கள் என்பதைத்தான். அதைக்கூடச் செய்யாமல் என் முகத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டுவிட்டார்கள். நான் கண்டுபிடிக்கவில்லை. கட்டினேன். கட்டுவதும் பெரிய வேலைதான், அதில் எனக்கு நிறையப் பெருமை இருக்கிறது. அந்தப் பெருமைக்கு இன்னொருவருடைய பெயரை அழிக்க வேண்டியதில்லை.

வீட்டில் மெஷின் கட்டுகிறவர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. லண்டனில் 1898இல் பெர்சிவல் மார்ஷல் 'மாடல் இன்ஜினியர்' என்ற இதழைத் தொடங்கினார். வீட்டுப் பின்கட்டில் சின்ன நீராவி இன்ஜின் செய்கிறவர்கள், சின்ன லேத் வைத்திருப்பவர்கள்தான் அதன் வாசகர்கள். அளவிட்ட வரைபடங்கள் தொடராக வரும். அடுத்த இதழ் வருவதற்குள் இந்த இதழின் பாகத்தைச் செய்து முடிக்க வேண்டும் என்று இருப்பார்கள். சிஎன்சியின் முன்னோடியே பொதுமக்களுக்கு அறிமுகமானதில் பத்திரிகைக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எண்களால் இயங்கும் மில்லிங் மெஷினை 1952 செப்டம்பரில் ஓட்டிக் காட்டினார்கள். அதே மாத 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் அந்தத் திட்டத்தைச் சேர்ந்த வில்லியம் பீஸ் அதன் இயக்கத்தை விளக்கி எழுதியிருந்தார். துளையிட்ட காகித நாடா எப்படி ஓர் அச்சின் நகர்வாக மாறுகிறது என்பதைச் சாதாரண வாசகருக்குப் புரியும்படி எழுத முடிந்திருக்கிறது, எழுபது ஆண்டுகளுக்கு முன்னால்.

எனக்கு மிகவும் பிடித்தது 1973 செப்டம்பர் 'ரேடியோ எலக்ட்ரானிக்ஸ்'. அதன் அட்டையில் டான் லங்காஸ்டரின் 'டிவி டைப்ரைட்டர்'. தட்டுகிற எழுத்து வீட்டு டிவியில் தெரியும் கருவி. அப்போது அது பெரிய அதிசயம். அதைக் கட்டத் தேவையான விவரம் முழுவதும் இதழில் அடங்காது. அவர்களுக்கும் பக்கப் பஞ்சம் இருந்தது. ஆனால் அவர்கள் செய்தது என்ன தெரியுமா? இரண்டு டாலர் அனுப்புங்கள், முழு விவரமும் உள்ள சிறு புத்தகத்தை அனுப்புகிறோம் என்று அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் ஜொனாதன் டைட்டஸின் மார்க்-8 கணினிக்கும் அதே வழிதான்.

அப்புறம் 1975 ஜனவரி 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்'. ஆல்டேர் 8800 என்ற கணினி அட்டையில். அந்தக் கதை என் போட்டோவோடு சேர்த்து அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அதைச் செய்த கம்பெனியை நடத்திய எட் ராபர்ட்ஸ் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியிலிருந்து அனுப்பிய முதல் மாதிரி, நியூயார்க் போகும் வழியில் பார்சலில் தொலைந்துவிட்டது. அச்சுக்குப் போகும் நாள் நெருங்கவே, முன்பக்கப் பொத்தான்களும் விளக்குகளும் மட்டும் உள்ள வெற்றுப் பெட்டியைத்தான் படமெடுத்து அட்டையில் போட்டார்கள். உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் இதழின் உள்ளே இருந்த கட்டுரை உண்மையானது. சர்க்யூட் உண்டு, விலை உண்டு, கிட் 397 டாலர். சில நூறு விற்றால் கம்பெனி பிழைத்துவிடும் என்று இருந்தவருக்கு ஆயிரக்கணக்கில் ஆர்டர் வந்தது. ஹார்வர்டு சதுக்கத்துக் கடையில் அந்த அட்டையைப் பார்த்த பால் ஆலன், இதழை வாங்கிக்கொண்டு பில் கேட்ஸிடம் ஓடினார். மைக்ரோசாஃப்ட் அங்கிருந்து தொடங்கியது. படத்துக்காக ஒயரைக் கழற்றுவது கூடப் பொறுத்துக்கொள்ளக் கூடியது என்று அதனால்தான் எனக்குத் தோன்றுகிறது. அளவுகளைக் கழற்றியதுதான் தாங்க முடியவில்லை.

நம் பக்கத்திலும் அந்த மரபு இல்லாமலில்லை. உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் 'எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' பழைய இதழ்களைப் பொறுக்கித்தான் நான் சால்டரிங் கற்றேன். சர்க்யூட்டுக்குப் பக்கத்தில் பாகங்கள் பட்டியல் இருக்கும். ரெசிஸ்டர் எத்தனை ஓம், கெபாசிட்டர் எத்தனை மைக்ரோஃபாரட், டிரான்சிஸ்டர் எண் என்ன. அந்தப் பட்டியலைச் சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனால் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்காமல் எடுத்துத் தருவார். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அந்தச் சீட்டு பெரிய தைரியம். அப்பா 'கலைக்கதிர்' இதழ்களை பைண்ட் செய்து வைத்திருந்தார். ஜி.ஆர். தாமோதரன் கோவையிலிருந்து நடத்திய அறிவியல் மாத இதழ் அது. தொழில்நுட்பத்தைத் தமிழில் தயக்கமில்லாமல் எழுதலாம் என்பதை அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சரி, கட்டுரை வந்த பிறகு என்ன ஆயிற்று என்பதற்கு வருகிறேன்.

முதல் பத்து நாளில் நூற்றுக்கும் மேல் அழைப்புகள். பாதிப்பேர் கேட்டது, "ஒண்ணு செஞ்சு தருவீங்களா, என்ன விலை?" கண்டுபிடித்தவர் என்று போட்டிருக்கிறதே, விற்பார் என்றுதானே நினைப்பார்கள். நான் பயன்படுத்திய கோப்புகள் வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்தன. அச்சிட்ட பாகங்களை நான் காசுக்கு விற்பது சரியில்லை. இதை ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். சிலர் நம்பினார்கள், சிலர் விலையை ஏற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்தார்கள். இரண்டு கல்லூரி மாணவர்கள் கடைசி வருஷ புராஜெக்டுக்குத் தயாராகவே வேண்டும் என்றார்கள். கட்டச் சொல்லித்தருகிறேன் என்றேன், திரும்பக் கூப்பிடவில்லை. ஒரு அம்மா, மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று முக்கால் மணி நேரம் பேசினார். அந்த அழைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

கட்ட வேண்டும் என்று அளவு கேட்டவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் கையால் வேலை செய்கிறவர்கள். பெயர்ப்பலகை எழுதுகிறவர், அக்ரிலிக் எழுத்து வெட்டுகிறவர், பழைய ரேடியோ ரிப்பேர் செய்கிறவர், இப்படி. ஏழு பேருக்கும் போனில் ஒரே விஷயத்தைச் சொல்லி, அவர்கள் தவறாக எழுதிக்கொண்டு, மறுபடி கூப்பிட்டு… லங்காஸ்டரின் அந்தச் சிறு புத்தகம் நினைவுக்கு வந்தது. எட்டுப் பக்கத்தில் தமிழில் ஒன்று தயாரித்தேன்.

முதல் பக்கத்தில் இது யாருடைய வடிவமைப்பு என்று எழுதினேன். இரண்டாவது பக்கம் முழுக்கப் பைப். எந்தப் பெயரில் கேட்க வேண்டும், வெர்னியரில் எங்கே அளக்க வேண்டும், சாய்ந்த முனையை எப்படிக் கண்டுபிடிப்பது, அளந்த பிறகு சி, எஃப், ஜே எதை அச்சிட வேண்டும். சொற்களுக்குத்தான் நிறைய யோசித்தேன். தாங்கி என்று எழுதினால் கடையில் திருதிருவென்று விழிப்பார்கள். பேரிங் என்றே எழுதினேன். மூலைவிட்டம் என்பதற்குப் பக்கத்தில் கிராஸ் அளவு என்றும் போட்டேன். விட்டம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கடைசி இரண்டு பக்கம் தமிழ் எழுத்து வெட்டுவது பற்றி. அதை வேறு எங்கும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

ஏனென்றால் நம் எழுத்தில் சுழி இருக்கிறது. 6 மில்லிமீட்டர் பிட்டை வைத்துக்கொண்டு மூன்று சுழி 'ண' வெட்டப் போனால் சுழியின் உள்பக்கம் காணாமல் போய்விடும். சுழலும் கருவி தன் பாதி விட்டத்தைவிடக் கூர்மையான உள்வளைவுக்குள் நுழைய முடியாது, அது கணக்கு. இரண்டு அங்குல உயர 'ண'வுக்கு எனக்கு 2 மில்லிமீட்டர் பிட் தேவைப்பட்டது. இல்லாவிட்டால் வி வடிவ பிட்டால் செதுக்க வேண்டும். அது இடம் குறுகும்போது மேலே ஏறி நுனியால் வெட்டும், சுழி பிழைத்துக்கொள்ளும். இன்னொன்று, ஊடுருவ வெட்டினால் சுழிக்குள் இருக்கும் துண்டு தனியே விழுந்துவிடும். ஆங்கில 'ஓ'வுக்கும் அப்படித்தான், ஆனால் ஒரு வீட்டுப் பெயரில் நமக்கு அப்படிப் பத்து இடம் வரும். அப்புறம், வெட்டும் பாதை போடும் மென்பொருள்கள் பலவற்றில் தமிழ் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். முதலில் இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் தட்டி, எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி, அதற்குப் பிறகே வெட்டும் பாதை போடும் எஸ்ட்ல்கேமுக்குக் கொண்டுபோக வேண்டும். இது தெரியாமல் 'கோமதி இல்லம்' என்ற பலகையில் இரட்டைக் கொம்பை 'க'வுக்குப் பின்னால் வெட்டி ஒரு நல்ல தேக்குத் துண்டை வீணாக்கியிருக்கிறேன்.

அந்த எட்டுப் பக்கத்தைப் பத்திரிகைக்கும் அனுப்பினேன். திருத்தமாக நாலு வரி போடச் சொல்லி, வடிவமைப்பாளரின் பெயரையும் பைப் அளவையும் மட்டும் கேட்டு ஒரு கடிதமும் வைத்தேன். இரண்டு இதழ் கழித்து, வாசகர் கடிதப் பகுதியில் பெயரைப் போட்டார்கள். அளவு வரவில்லை. அந்தத் தம்பி இப்போது வேறு இடத்தில் வேலை பார்க்கிறார். அந்தச் சிறு புத்தகத்தைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர்தான் வாட்ஸாப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் காங்கேயம் போனேன். வெள்ளகோவிலில் ஒரு கல்யாணம், வழியில் இறங்கிக்கொண்டேன். ஓடு வேய்ந்த பட்டறை. வாசலில் நிலைக்கால் மரங்கள் சாய்த்து வைத்திருந்தன. ஆசாரியார் என் அப்பா வயதுக்காரர், போனில் கேட்ட குரலைவிட மெலிந்த உருவம். உள்ளே அவருடைய மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாகங்களை நான்தான் அச்சிட்டு அனுப்பினேன், பிளாஸ்டிக் ரோலை அவரே வாங்கிக் கொடுத்திருந்தார். மற்றதெல்லாம் அவர் கை.

என் மெஷினின் அடிப்பலகை ஈரத்தில் லேசாக வளைந்துவிட்டது. அவருடையது வளையாது. பழைய வேம்புச் சட்டங்களை இழைத்து, பூட்டி, நடுவில் ஒரு முளை அடித்திருந்தார். கால்கள் நிற்கிற நான்கு இடத்திலும் உளியால் வழித்து ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார். ரசமட்டத்தை எடுத்து வைத்துக் காட்டினார். குமிழி நடுவில் நின்றது. கோவில் கதவுக்கான மரப் பட்டியில் கொடியும் பூவும் ஓடிக்கொண்டிருந்தன. மெஷின் முரட்டு வேலையை முடித்ததும் அவர் உளியால் இதழ்களின் ஓரத்தைக் கூர்மையாக்குகிறார். "இதுக்கு நாலு நாள் ஆகும்ங்க. இப்ப ஒன்றரை நாளு. மீதிய நகாசுக்கு வச்சுக்கறேன்" என்றார்.

சுவரில் அந்தக் கட்டுரையின் இரண்டு பக்கத்தையும் ஒட்டி வைத்திருந்தார். ஒயர் இல்லாத மெஷின், கையில் ஸ்பேனரோடு நான். அதன் ஓரத்தில் தச்சுப் பென்சிலால் தடிமனாக எழுதியிருந்தது: வெ.வி. 25.4.

காபி குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார், வெள்ளகோவிலில் ஒரு பையன் பெயர்ப்பலகைக் கடை வைத்திருக்கிறானாம், இங்கே வந்து பார்த்துவிட்டுப் போய்ப் பைப் வாங்கிவிட்டானாம். பாகங்களை அச்சிட்டுத் தர முடியுமா என்று கேட்டார்.

"எந்த பைப்புங்க வாங்கினாரு? ஜேதானா?"

"ஜேதானுங்க. நானே போயி அளந்துட்டு வந்தேன். ரெண்டு முனையும், நடுவும்."